எஸ்யூவி கூரையில் குறைந்த செலவில் கேரியர் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு பேர் உட்காரும் எஸ்யூவியில் மூன்றாவது வரிசையிலும் ஆள் ஏறிவிட்டால், டிக்கியில் இரண்டு பைகளுக்கு மேல் வைக்க இடம் இருப்பதில்லை. சபரிமலைக்கோ கொடைக்கானலுக்கோ குடும்பத்தோடு கிளம்பும்போது பெட்டிகளைக் காலடியிலும் மடியிலும் வைத்துக்கொண்டு பயணம் செய்வதைவிட, கூரையில் ஒரு கேரியர் இருந்தால் எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்து வரலாம். அதற்கு அதிகப் பணம் தேவையில்லை. எனினும் கூரையில் ஏற்றும் எந்தப் பொருளும் கழன்று விழுந்தால், அது விழப்போவது பின்னால் இரு சக்கர வாகனத்தில் வருபவர் மீதுதான். ஆகவே செலவைக் குறைக்க வேண்டிய இடம் எது, குறைக்கவே கூடாத இடம் எது என்பதை மனத்தில் வைத்தே கீழ்வரும் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கேரியர் வாங்கும் முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

வண்டியோடு வந்த உரிமையாளர் கையேட்டைப் பாருங்கள். அதில் கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்று ஓர் எண் இருக்கும். ரெனோ கைகர், நிசான் மேக்னைட் போன்ற சிறிய எஸ்யூவிகளில், கூரையின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ஓடும் ரெயிலுக்கு நிறுவனங்கள் அறிவித்திருக்கும் அளவு 50 கிலோ. பார்ப்பதற்கு முரட்டு வண்டியாகத் தெரியும் சுசுகி ஜிம்னிக்குப் பல நாடுகளில் சொல்லப்படும் வரம்பு 30 கிலோ மட்டுமே. வண்டியின் தோற்றத்துக்கும் கூரையின் வலுவுக்கும் தொடர்பு இல்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

பலரும் கவனிக்கத் தவறுவது என்னவென்றால், அந்த எண் பெட்டிகளின் எடையை மட்டும் குறிப்பதில்லை. கூரையின் குறுக்கே பொருத்திக் கேரியரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள், கேரியர், கட்டும் பெல்ட், தார்ப்பாய், மேலே வைக்கும் சாமான் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு. 50 கிலோ வரம்புள்ள வண்டியில் இரண்டும் சேர்ந்து 5 கிலோ எடையுள்ள குறுக்குக் கம்பிகளையும் 18 கிலோ எடையுள்ள இரும்புக் கேரியரையும் பொருத்திவிட்டால், சாமானுக்கு மிஞ்சுவது 27 கிலோ. அதாவது நன்றாக அடைத்த ஒரு பெரிய பெட்டியும் ஒரு சிறிய பையும். மலிவான கேரியர்கள் பெரும்பாலும் கனமானவை என்பதால், விலையைக் கேட்கும் முன் எடையைக் கேட்பதுதான் சரியான வரிசை.

கூரைமேல் ஓர் ஆள் ஏறி நின்றாலே தாங்குகிறதே, பிறகு ஏன் 50 கிலோ என்கிறார்கள்?

நிற்கும் வண்டியின் கூரை, ஓடும் வண்டியின் கூரையைவிடப் பல மடங்கு பாரம் தாங்கும். கூரையில் கூடாரம் போட்டு இருவர் தூங்குவது இதனால்தான் முடிகிறது. கையேட்டில் உள்ள எண் ஓடும் வண்டிக்கானது. பிரேக்கைப் பலமாக அழுத்தும்போது 30 கிலோ சாமான் ஏறக்குறைய 24 கிலோ விசையோடு முன்பக்கம் தள்ளுகிறது. வளைவில் பக்கவாட்டில் இழுக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது ஒரு கணம் தன் எடையைவிட அதிகமாகக் கீழே அழுத்துகிறது. இவை அனைத்தும் ரெயிலின் கால்களிலும் கிளாம்ப்களிலும் போய்ச் சேருகின்றன. அத்தோடு, உயரத்தில் எடை கூடும்போது வண்டியின் புவியீர்ப்பு மையமும் உயர்ந்து, திடீரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கவிழும் வாய்ப்பு அதிகரிக்கிறது. எஸ்யூவி ஏற்கெனவே உயரமான வண்டி என்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் வண்டிக் கூரையில் ரெயில் இருக்கிறது. அது போதுமா?

இன்று விற்கும் பல வண்டிகளில் ரெயில் வெறும் அலங்காரம். பிளாஸ்டிக்காலான அந்த ரெயில்கள் கிளிப்பாலோ பசையாலோ கூரையோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் கேரியரைப் பூட்டினால், முதல் வேகத்தடையிலேயே ஆட்டம் காணத் தொடங்கும். காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது, ஏனெனில் பாரம் தாங்கும் ரெயில்களில் பலவும் அலுமினியத்தால் ஆனவை, அவற்றிலும் காந்தம் ஒட்டாது. கையேட்டில் ரெயிலுக்கு எடை வரம்பு எழுதப்பட்டிருந்தால் அது பாரம் ஏற்றத் தகுந்தது. எழுதப்படவில்லை என்றால், ஷோரூமின் உதிரிபாகப் பிரிவில் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பதில் கிடைக்கும்வரை அதை அலங்காரமாகவே கருதுவது நல்லது.

ரெயில் இல்லாத வண்டியில் என்ன செய்வது?

பழைய பொலேரோ, டாடா சுமோ போன்ற வண்டிகளிலும் ஜிம்னியிலும் கூரையின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடியும் உலோக விளிம்பு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் கால்கள் கிடைக்கின்றன. எளிமையான, உறுதியான முறை அது. விளிம்பும் இல்லாத வழவழப்பான கூரை என்றால், கதவின் மேல்சட்டத்தில் கொக்கி போட்டுப் பிடிக்கும் கால்களை வாங்க வேண்டும். அவை ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகச் செய்யப்படுபவை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம்.

கூரையில் துளையிட்டு போல்ட் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். எக்காரணம் கொண்டும் அதற்குச் சம்மதிக்காதீர்கள். துளையின் ஓரத்தில் பெயின்ட் போய்த் துரு பிடிக்கும், மழைக்காலத்தில் உள்கூரைத் துணி நனையும் என்பவை சிறிய காரணங்கள். பக்கத் திரைக் காற்றுப்பைகள் உள்ள வண்டிகளில் அவை கூரையின் ஓரத்தில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதே பெரிய காரணம். டிரில் முனை எங்கே போய் முட்டும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

குறைந்த பட்ஜெட்டில் எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கூடையில், அதாவது சாமான் வைக்கும் கேரியர் சட்டத்தில், மிச்சம் பிடிக்கலாம். கூடையை வண்டியோடு பிணைக்கும் பொருள்களில் கூடாது. என் பார்வையில் இந்த வேலை முழுவதும் இந்த ஒரு விதியில் அடங்கிவிடுகிறது. விலை உயர்ந்த கூடைக்கும் மலிவான கூடைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் பூச்சிலும் தோற்றத்திலும் இருக்கிறது. குறுக்குக் கம்பி, அதன் கால்கள், கிளாம்ப், யூ-போல்ட், நட்டு ஆகியவை மட்டமாக இருந்தால் கூடை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. ஆகவே குறுக்குக் கம்பியை நல்ல நிறுவனத்தின் தயாரிப்பாக, எடை வரம்பு அச்சிடப்பட்டதாக வாங்குங்கள். கூடையைச் சாதாரணமாக வாங்கினால் போதும், பழையதாக இருந்தாலும் பாதகமில்லை. பழைய கூடையை வாங்கும்போது ஒவ்வொரு வெல்டிங்கையும் விரலால் தடவிப் பாருங்கள். மயிரிழைபோல ஒரு கோடு தென்பட்டாலும், பெயின்டுக்கு அடியில் துரு கொப்புளித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா?

தாராளமாகச் செய்யலாம். வெல்டிங் பட்டறை இல்லாத ஊர் நம் பக்கத்தில் இல்லை. உங்கள் கூரையின் அளவுக்கே செய்துகொள்ள முடிவதும் ஒரு வசதி. ஆனால் பட்டறைக்காரர்களில் பலர் கேட்டுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் பழகிய கையோடு, கேரியரையும் கனமான பைப்பில் செய்துவிடுகிறார்கள். "வெயிட்டாக இருந்தால்தான் சார் ஸ்ட்ராங்" என்பது அவர்களின் நம்பிக்கை. இங்கே அது தவறாகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 120 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் கொண்ட ஒரு கூடைக்கு அடிச்சட்டம் 4.4 மீட்டர், மேல் வளையம் 4.4 மீட்டர், பத்துக் குத்துக்கால்களுக்கு 1.5 மீட்டர், அடியில் ஐந்து நீளக் கம்பிகளுக்கு 6 மீட்டர் என மொத்தம் 16.3 மீட்டர் பைப் வேண்டும். 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள இரும்பு பைப் மீட்டருக்கு ஏறத்தாழ 1.13 கிலோ. எல்லாவற்றையும் அதிலேயே செய்தால் கூடை மட்டும் 18 கிலோவைத் தாண்டும். அடிச்சட்டத்தை மட்டும் அந்த பைப்பில் செய்துவிட்டு, மற்றவற்றுக்கு 19 மி.மீ. விட்டமும் 1.2 மி.மீ. தடிமனும் உள்ள பைப்பைப் பயன்படுத்தினால் மொத்தம் 11 கிலோ அளவில் நிற்கும். குறைந்த 7 கிலோவும் அப்படியே உங்கள் சாமானுக்குக் கிடைக்கிறது. மெல்லிய பைப்பை வெல்டிங் செய்யும்போது ஓட்டை விழாமல் இருக்கக் கைப்பழக்கம் தேவை என்பதால், அத்தகைய வேலை செய்து பழகியவரிடம் கொடுங்கள்.

பைப் முனைகளைத் திறந்தபடி விடாமல் அடைக்கச் சொல்லுங்கள். இல்லையெனில் மழைநீர் உள்ளே தேங்கி, வெளியே பளபளப்பாகத் தெரியும்போதே பைப் உள்ளிருந்து துருப்பிடித்துப் போகும். வெல்டிங் முடிந்ததும் கசடைத் தட்டி எடுத்து, தேய்த்து, பிறகு பிரைமரும் பெயின்டும் அடிக்க வேண்டும். பவுடர் கோட்டிங் செய்தால் இன்னும் நீடிக்கும்.

கேரியரோடு வரும் போல்ட், நட்டு போதுமா?

மலிவான கேரியர்களில் முதலில் கைவிடுவது இவைதான். போல்ட்டின் தலையில் 8.8 என்ற வலிமைத் தரக்குறி பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் குறியும் இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடையில் அதே அளவில் 8.8 தர போல்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது. நட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டாக இருக்கட்டும். சாதாரண நட்டு அதிர்வில் தானாகச் சுழன்று தளரும். நைலாக் நட்டு அப்படித் தளராது. ஆனால் பலமுறை கழற்றி மாட்டினால் அந்த நைலான் பிடி தளர்ந்துவிடும், ஆகவே விரலால் எளிதாகத் திருக முடிகிற நிலைக்கு வந்த நட்டை மாற்றிவிடுங்கள்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அலுமினியக் கம்பியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் நேரடியாகப் படும் இடத்தில் உப்புக்காற்று பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். இடையில் ஒரு நைலான் அல்லது ரப்பர் வாஷரை வைத்தால் அதைத் தடுக்கலாம்.

பொருத்துவதை வரிசையாகச் சொல்ல முடியுமா?

இரண்டு பேர் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிகிற வேலை இது. நண்பகலில் கூரைத் தகடு தொட முடியாதபடி சுடும் என்பதோடு, சூட்டில் பிளாஸ்டிக் பாகங்களும் இளகியிருக்கும், எனவே வெயில் தாழ்ந்த பிறகு தொடங்குங்கள். எம்6 போல்ட்டுக்கு 10 எண் ஸ்பேனர், எம்8 போல்ட்டுக்கு 13 எண் ஸ்பேனர், ஓர் அளவு நாடா, ஒரு பழைய போர்வை ஆகியவை போதும்.

முதலில் கூரையையும் ரெயிலையும் கழுவித் துடையுங்கள். கிளாம்ப்பின் ரப்பருக்கு அடியில் சிக்கும் மணல், ஓடும்போது உப்புத்தாளைப் போலப் பெயின்டைத் தேய்த்துவிடும். பிறகு குறுக்குக் கம்பிகளை வைத்து, முன்கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து, இரண்டும் சமமாக இருக்கும்படி நகர்த்துங்கள். இரு கம்பிகளுக்கும் இடையே குறைந்தது 70 செ.மீ. இருப்பது நல்லது; உங்கள் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். கிளாம்ப்பை இறுக்கும் முன் நான்கு கதவுகளையும் திறந்து மூடிப் பாருங்கள்.

கூடையின் துண்டுகளைத் தரையில் போர்வை விரித்து இணையுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டும் திருகிவிட்டு, சதுரம் சரியாக வந்த பிறகே ஸ்பேனர் போட வேண்டும். முதல் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால் கடைசி போல்ட்டின் துளை ஒத்துவராது. அதன் பின் போர்வையைக் கூரைமேல் விரித்து, ஆளுக்கொரு பக்கமாகக் கூடையைத் தூக்கி வைத்து, நடுவில் நிறுத்தி, பின்கதவை மெதுவாக முழு உயரத்துக்குத் திறந்து அது கூடையில் முட்டவில்லை என்று உறுதி செய்யுங்கள். போர்வையை உருவிவிட்டு யூ-போல்ட்களை மாட்டுங்கள். யூ-போல்ட் கம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அன்று இறுக்கமாகத் தெரிந்து, சில நாளில் நேராகித் தளர்ந்துவிடும். குறுக்கு மூலைகளாக மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்கு நீளமான கைப்பிடி வேண்டாம். ஸ்பேனரின் தலைக்கு அருகில் பிடித்து மணிக்கட்டின் பலத்தில் இறுக்கினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை அறுந்துவிடும், அல்லது அலுமினியக் கம்பி நசுங்கும்.

முடிந்ததும் கூடையின் மூலையைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். வண்டி முழுவதும் ஸ்பிரிங்கின் மேல் சேர்ந்து ஆடினால் பொருத்தியது சரி. கூடை மட்டும் ஆடினாலோ, ஏதோ ஓரிடத்தில் 'டக்' என்று சத்தம் கேட்டாலோ அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்க வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள். வெறும் கூடையோடு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள், ஏனெனில் ரப்பர் படிந்து இறங்கிய பின் எல்லா கிளாம்ப்பும் சற்றுத் தளர்ந்தே இருக்கும்.

சன்ரூஃப் இருந்தால்?

கேரியர் உள்ளவரை அதைத் திறக்காதீர்கள். கண்ணாடி வெளிப்புறமாக உயர்ந்து திறக்கும் வகையாக இருந்தால் கம்பியில் மோதி உடையும். பிள்ளைகள் பொத்தானை அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்வதும் தேவை.

எந்தச் சாமானை மேலே வைக்க வேண்டும்?

இடத்தை அடைக்கும், எடை இல்லாத சாமான்களை: படுக்கை, தலையணை, துணிப்பைகள், கூடாரம், மடக்கு நாற்காலி. அரிசி மூட்டை, தண்ணீர் கேன், கேஸ் அடுப்பு, கருவிப் பெட்டி போன்றவை டிக்கியில் தாழ்வாக இருக்கட்டும். கேஸ் சிலிண்டரையும் பெட்ரோல் கேனையும் வெயிலில் கூரைமேல் வைப்பது ஆபத்து. மேலே வைப்பதில் கனமானதை நடுவிலும், லேசானதை ஓரங்களிலும் வையுங்கள். மெத்தை, பிளைவுட் போன்ற தட்டையான பொருள்களுக்கு அடியில் காற்று புகுந்து மேலே தூக்கும் என்பதால் அவற்றின் முன்விளிம்பைத் தனியாகக் கட்ட வேண்டும்.

கயிறு போதுமா, பெல்ட் வேண்டுமா?

கைப்பிடியை அசைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு, அதற்கு மேல் ஒரு வலை. இதுவே என் பரிந்துரை. கொக்கி வைத்த ரப்பர் கயிறு சாமான் அலுங்காமல் இருக்க உதவுமே தவிர, பலமான பிரேக்கில் சாமானைப் பிடித்து நிறுத்தாது. நைலான் கயிறு மழையில் நனைந்தால் நீளும். கட்டும்போது இறுக்கமாக இருந்தது பத்து கிலோமீட்டரில் தொளதொளத்துவிடும். பாலியஸ்டர் பெல்ட் அந்த அளவுக்கு நீளாது. பெல்ட்டைக் கூடையின் மேல் வளையத்தில் மட்டும் மாட்டாமல், அடிச்சட்டத்தையோ குறுக்குக் கம்பியையோ சுற்றி எடுங்கள். பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால், வேகத்தில் அது காற்றில் அதிர்ந்து 'உர்ர்' என்று எழுப்பும் சத்தம் நின்றுவிடும். மிச்ச நுனியைக் காற்றில் பறக்க விடாமல் முடிந்து வையுங்கள். புறப்பட்ட அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதும், பிறகு ஒவ்வொரு டீக்கடை நிறுத்தத்திலும் பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பதும் பழக்கமாகிவிட வேண்டும்.

மழைக்கு என்ன செய்வது?

கூடை நான்கு பக்கமும் திறந்தது. மழை மேலிருந்து மட்டுமன்றி, முன்னாலிருந்தும் அடிக்கும். தார்ப்பாயை மேலே போர்த்துவது போதாது. முதலில் கூடையில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் சாமானை அடுக்கி, பின்பக்கத்தை முதலில் மடித்து, முன்பக்கத்தை அதன்மேல் வரும்படி மூடுங்கள். மடிப்பின் வாய் பின்னோக்கி இருந்தால் காற்றும் நீரும் உள்ளே புகாது. துணிகளை உள்ளே தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைப்பது இன்னும் பாதுகாப்பு.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

வேகத்தைப் பொறுத்தது. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம், கூரைமேல் வைக்கும் பெரிய பெட்டியால் நகரத்தில் 2 முதல் 8 விழுக்காடும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 விழுக்காடும், மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வரையிலான வேகத்தில் 10 முதல் 25 விழுக்காடும் சிக்கனம் குறையும் என்கிறது. அது மூடிய பெட்டிக்கான கணக்கு. சாமான் அடுக்கித் தார்ப்பாய் கட்டிய கூடையும் அதே போலக் காற்றை மறிக்கும் ஒன்றுதான். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 60 கி.மீ. வேகத்தில் இருப்பதைவிட 100 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகிறது. பாரத்தோடு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டினால் டீசலும் மிச்சம், கிளாம்ப்களுக்கும் நல்லது.

மலைப்பாதையில் எப்படி ஓட்டுவது?

கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். சாமானோடு சேர்த்து வண்டியின் மொத்த உயரத்தை அளந்து, ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டி வையுங்கள். ரயில்வே கீழ்ப்பாலத்திலும் விடுதிகளின் அடித்தள வாகன நிறுத்தத்திலும் அந்த எண் உங்களைக் காப்பாற்றும். தாழ்ந்த மரக்கிளைகளும் நினைவில் இருக்கட்டும்.

போலீஸோ ஆர்டிஓவோ அபராதம் போடுவார்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்ற இடமில்லை என்று தெளிவுபடுத்தியது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க முடியும். சாமான் அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டிலோ முன்னும் பின்னுமோ உயரத்திலோ நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம்.

ஆகவே துளையிட்டும் வெல்டிங் செய்தும் நிரந்தரமாகப் பொருத்தியது ஒரு வகை. போல்ட்டால் மாட்டி, ஸ்பேனரால் கழற்றக்கூடியது வேறு வகை. சோதனையில் நிற்கும் அதிகாரி அதை எப்படிப் பார்ப்பார் என்பது இடத்துக்கு இடம் மாறுபடுவதால், உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி நிறுவனமே துணைப்பொருளாக விற்கும் குறுக்குக் கம்பியை வாங்கி அதன் ரசீதை வண்டியிலேயே வைத்திருந்தால், பேசுவதற்கு உங்களிடம் ஓர் ஆதாரம் இருக்கும். மஞ்சள் எண் பலகை வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டின் நிபந்தனைகளும் உண்டு என்பதால் அவற்றின் உரிமையாளர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா?

வேண்டும். மின்சாரம் சாராத துணைப்பொருளாக அதன் மதிப்பைப் பாலிசியில் சேர்க்கலாம். சேர்க்காத பொருள் சேதமானால் இழப்பீடு கேட்க முடியாது.

பயணம் முடிந்த பின் கழற்றிவிட வேண்டுமா?

கழற்றிவிடுங்கள். வெறும் கேரியரும் எரிபொருளைத் தின்னும், விசில் அடிக்கும், வெயிலிலும் மழையிலும் வீணாகும். கழற்றும்போது கிளாம்ப்களில் இடது முன், இடது பின், வலது முன், வலது பின் என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள், அடுத்த முறை வேலை பாதியாகிவிடும். நட்டு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, லேசாக எண்ணெய் தடவி, அந்தப் பையைக் கூடையிலேயே கட்டித் தொங்கவிட்டு, கூடையைச் சுவரில் சாய்த்து நனையாத இடத்தில் வையுங்கள். பெயின்ட் உதிர்ந்த இடங்கள் கண்ணில் பட்டால் அன்றே தேய்த்துப் பிரைமர் அடித்துவிடுங்கள்.